பந்தோபஸ்து உத்தரவில் ஒரு வரி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் விழாக்காலப் பாதுகாப்புத் திட்டம் எழுதும் காவல் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-இல் கொடி ஏறுகிறது. அதை ஒட்டியே விநாயகர் ஊர்வலங்கள். நாகூர் கந்தூரி பிறைக்கணக்கில் வருவதால் ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6, குடியரசு தினம், சுதந்திர தினம் தனி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தோபஸ்து உத்தரவு போகிறது. எத்தனை டி.எஸ்.பி., எத்தனை ஆய்வாளர், தடுப்புக் கட்டை எங்கே, மெட்டல் டிடெக்டர் வாயில் எங்கே, தீயணைப்பு வண்டி எங்கே என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. கணக்கே இல்லாமல் ஒரு வரியும் கூடவே போகும்: சந்தேகப்படும்படியான நபர்களைத் தணிக்கை செய்யவும். இந்த மடல் அந்த வரியைப் பற்றியது.

உத்தரவு ரோல் காலுக்கு (பணிக்கு முன் காவலர்களுக்கு உத்தரவு வாசிக்கும் அணிவகுப்புக்கு) வந்து சேரும்போது அந்த வரிக்கு விளக்கம் இருப்பதில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு செக்போஸ்டில் நிற்கும் ஆயுதப்படைக் காவலரோ ஊர்க்காவல் படை இளைஞரோ தமக்குத் தெரிந்ததைக் கொண்டு அதை நிரப்புகிறார். தொப்பி, தாடி, பர்தா, இந்தி பேசும் நடவுத் தொழிலாளி, இலங்கைத் தமிழ். அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. கோடிட்ட இடத்தை விட்டு வைத்தது உத்தரவு எழுதியவர்.

மத ஒற்றுமைப் பேச்சை அமைதிக்குழுக் கூட்டத்துக்கு விட்டுவிடுவோம். முகம் பார்த்துப் பிடிப்பது காவல் வேலையாகவே தோற்றுப்போகிறது என்பதுதான் எங்கள் வாதம்.

முதலில் உங்கள் பக்கத்தின் வலுவான கேள்விக்கு வருகிறோம். ஆள் பற்றாக்குறை இருக்கிறது, எல்லோரையும் சோதிக்க முடியாது, ஆபத்து எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் பார்ப்பதில் என்ன தவறு?

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு விழாவுக்கு 5 லட்சம் பேர் வருகிறார்கள். அதில் 5 பேர் கெட்ட நோக்கத்தோடு வருகிறார்கள். நீங்கள் சந்தேகிக்கும் அடையாளம் கொண்டவர்கள் 1 லட்சம். உங்கள் வாதத்துக்கு முழுச் சலுகை கொடுத்து, ஐவரில் நால்வர் அந்த 1 லட்சத்துக்குள் இருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். உங்களால் 5,000 பேரைத்தான் முழுமையாகச் சோதிக்க முடியும். அந்த 5,000 பேரையும் அடையாளக்காரர்களிடமிருந்தே எடுத்தால், ஒருவராவது சிக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. பாகுபாடின்றி எடுத்தால் 5 சதவீதம். 20 பெரிதுதானே என்பீர்கள். பெரிதுதான். ஆனால் அந்த 20 கிடைத்ததே 'ஐவரில் நால்வர்' என்று நாமாக எழுதிக்கொண்ட எண்ணால். அந்த எண் உங்களிடமும் இல்லை, எங்களிடமும் இல்லை. எதிராளிக்கோ உங்கள் செக்போஸ்டில் யாரை நிறுத்துகிறார்கள் என்பது எதிர்க்கடையில் அரை மணி நேரம் டீ குடித்தால் தெரிந்துவிடும். அடுத்த முறை அனுப்பப்படுபவர் ஐந்தாவது ஆள்.

அந்த எண் சரி என்றே வைத்தாலும் கணக்கு உங்களுக்குச் சாதகமாக முடியாது. மேலே சொன்ன உதாரணத்தில் அடையாளக்காரர் ஒருவர் ஆபத்தானவராக இருக்கும் வாய்ப்பு மற்றவரைப்போல் 16 மடங்கு. அப்படியானால் அவரை 16 மடங்கு அதிகம் சோதிக்க வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். வில்லியம் பிரஸ் என்ற அமெரிக்கக் கணிப்பியல் அறிஞர் 2009-இல் இதைக் கணித்துக் காட்டினார். ஆபத்தின் அளவுக்கு நேர் விகிதத்தில் சோதித்தால், குலுக்கல் முறையில் சோதிப்பதைவிட எள்ளளவும் கூடுதல் பலன் இல்லை. காரணம், அதே அப்பாவிகள் திரும்பத் திரும்ப வலையில் விழுவதிலேயே நேரம் போய்விடுகிறது. முத்துப்பேட்டையிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குத் தினமும் சரக்கு எடுத்துப் போகும் வியாபாரியை வாரம் மூன்று முறை நிறுத்தினால், மூன்றாவது சோதனையில் நாட்டுக்குக் கிடைத்த புதுத் தகவல் என்ன? பிரஸின் கணக்குப்படி உகந்த அளவு வர்க்கமூலம்: 16 மடங்கு ஆபத்துக்கு 4 மடங்கு சோதனை. அதுவும் ஆபத்தின் அளவு துல்லியமாகத் தெரிந்திருந்தால் மட்டும்.

ஏட்டுக்கணக்கு என்று இதைத் தள்ளிவிடாமலிருக்க, அடையாளம் பார்த்துச் சலித்துப் பார்த்த நாடுகளின் முடிவுகளும் இருக்கின்றன. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, காரணமே சொல்லாமல் நிறுத்திச் சோதிக்க அனுமதித்தது. 2009-10-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டார்கள். பயங்கரவாதக் குற்றத்துக்காக ஒரு கைதுகூட இல்லை. அந்தப் பிரிவு மனித உரிமையை மீறுகிறது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனி 2001-க்குப் பிறகு மதம், பிறந்த நாடு, படிப்பு என்று சலித்து லட்சக்கணக்கான மாணவர்களின் பதிவேடுகளைத் துழாவியது. மறைந்திருந்த ஒரு பயங்கரவாதிகூட அதில் அகப்படவில்லை. 2006-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. அமெரிக்கா குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வந்த ஆண்களை வரவழைத்து 80,000-க்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்தது. பயங்கரவாதத் தண்டனை ஒன்றும் கிடைக்காமல் அந்தத் திட்டமும் 2016 டிசம்பரில் மூட்டை கட்டப்பட்டது.

எதிர்த் திசையில் ஒரு சோதனையும் நடந்தது. அமெரிக்கச் சுங்கத்துறை 1990-களின் கடைசியில் பயணிகளைச் சோதிக்க வைத்திருந்த 43 அடையாளக் குறிகளைக் கழித்துக்கட்டி, நடத்தையையும் கிடைத்த தகவலையும் சார்ந்த 6 குறிகளாகச் சுருக்கியது. மேலதிகாரியின் அனுமதியையும் கட்டாயமாக்கியது. சோதனைகள் சுமார் 75 சதவீதம் குறைந்தன. பொருள் பிடிபட்ட விகிதமோ 5 சதவீதத்துக்குக் கீழிருந்து 13 சதவீதத்துக்கு மேலே போனது. இதில் உங்களுக்குப் பயன்படக்கூடியது அந்த அனுமதி விதிதான் என்று நினைக்கிறோம். காரணத்தை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றாலே பாதிச் சந்தேகங்கள் நாக்கு நுனியில் கரைந்துவிடும்.

அடையாளத்தை ஏமாற்றியவர்களின் வரிசை நீளம். 1986-இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இஸ்ரேல் விமானத்தில் ஏற வந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த கர்ப்பிணி. பையில் வெடிகுண்டு இருப்பது அவருக்கே தெரியாது. காதலன் வைத்து அனுப்பியது. பொருள்களையெல்லாம் வெளியே எடுத்த பிறகும் பை கனத்தது, அதனால்தான் அகப்பட்டது. 2008 தாக்குதலுக்கு முன் மும்பையை வேவு பார்க்க வந்த டேவிட் ஹெட்லி 2006-இல்தான் தாவூத் கிலானி என்ற பெயரை மாற்றிக்கொண்டார். வெள்ளைக்காரப் பெயரோடு பலமுறை வந்து போனவரை யாரும் நிறுத்தவில்லை. 1999 டிசம்பரில் கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு வெடிபொருளோடு காரில் வந்த அகமது ரெசாம் பிடிபட்டது சுங்க அதிகாரி ஒருவர் அவருடைய சுற்றுவழிப் பயணத்தையும் பதற்றத்தையும் கவனித்ததால். பொருள் ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியில் இருந்தது.

எங்களுக்கு எதிராக எடுத்து வைக்கக்கூடிய நல்ல சம்பவம் ஒன்று உண்டு, அதையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். 2017 மே 22 அன்று மான்செஸ்டர் அரங்கில் 22 பேர் கொல்லப்பட்டார்கள். குண்டு வைத்திருந்தவர்மீது ஓர் இளம் பாதுகாப்பு ஊழியருக்குச் சந்தேகம் வந்தது. நெருங்கிக் கேட்டால் இனவெறியன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து தயங்கியதாக அவர் விசாரணையில் சொன்னார். பார்த்தீர்களா, நீங்கள் சொல்வதைக் கேட்டால் இதுதான் நடக்கும் என்று கேட்கத் தோன்றும். நாங்கள் அதை வேறு விதமாகப் படிக்கிறோம். அந்த ஆள் பெரிய முதுகுப் பையோடு வந்து, கேமராவில் தெரியாத மூலையில், நிகழ்ச்சி பார்க்கப் போகாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பொதுமக்களில் ஒருவரே போய் அவரிடம் கேட்டுவிட்டு ஊழியரிடம் சொன்னார். 'பெரிய பை, கேமரா மறைவு, காரணமின்றிக் காத்திருப்பு: மூன்றில் இரண்டு இருந்தால் யாராக இருந்தாலும் கேள், மைக்கில் சொல்' என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்த இளைஞருக்குத் தன் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டும் வேலையே இருந்திருக்காது. எழுதப்பட்ட காரணம் கீழ்நிலைக் காவலருக்குக் கவசம். எழுதப்படாத சந்தேகம் அவரைத் தேவையற்றவரிடம் துணிச்சல்காரராகவும் தேவையானவரிடம் தயங்குபவராகவும் ஆக்கும்.

ஆகவே, அந்த வரியின் இடத்தில் என்ன எழுதலாம்?

செயலும் பொருளும். இடத்துக்குப் பொருந்தாத பை. பையை வைத்துவிட்டு விலகும் ஆள். காவலரைக் கண்டதும் வரிசையை விட்டு வெளியேறுவது. தடுப்பு, கேமரா, காவலர் மாறும் நேரம் இவற்றைத் திரும்பத் திரும்பப் படம் எடுப்பது. வெயிலுக்கு ஒவ்வாத தடித்த உடை. கடைசிக் குறியைப் பர்தாவுக்கு நீட்டித்துவிடக் கூடாது. அது நம் ஊரில் அன்றாட உடை. நடத்தைக் குறிகளும் மந்திரக்கோல் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகபாவத்தை வைத்துப் பயணிகளைக் கணித்த அமெரிக்க விமானநிலையத் திட்டத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு 2013-இல் எழுதியது. கூட்டத்தில் வியர்ப்பதும் முழிப்பதும் குறி ஆகாது. மே மாதத் தஞ்சாவூரில் எஸ்.பி.க்கும் வியர்க்கும்.

கேட்பாரற்ற பைக்குப் பிரிட்டன் ரயில்வே காவல்துறை மூன்று கேள்விகள் வைத்திருக்கிறது. வேண்டுமென்றே மறைத்து வைத்ததா? ஒயர், பேட்டரி, கசிவு என்று வெளிப்படையாகச் சந்தேகம் தருகிறதா? இந்த இடத்தில் வழக்கமாகக் கிடக்கும் பொருள்தானா? வேளாங்கண்ணி பேருந்து நிலையத்தில் நடைப்பயணக் குழுவின் மூட்டைகள் குவியலாகக் கிடப்பது வழக்கம். அதே மூட்டை மின்மாற்றிப் பெட்டிக்குப் பின்னால் செருகியிருந்தால் வழக்கமில்லை. பதில் சந்தேகமானால் தொடக் கூடாது, ஆட்களை விலக்க வேண்டும், அருகில் நின்று வாக்கி-டாக்கியோ செல்போனோ பயன்படுத்தக் கூடாது, வெடிகுண்டுப் பிரிவை அழைக்க வேண்டும். இந்த மூன்று கேள்விகளில் யாருடைய மதமும் இல்லை.

பொருள் தொடங்கும் இடத்தையும் பாருங்கள். எடையில் 45 சதவீதத்துக்கு மேல் அமோனியம் நைட்ரேட் உள்ள கலவைக்கு, சில விதிவிலக்குகள் தவிர, 2012 விதிகளின்படி உரிமம் வேண்டும். வெடிமருந்து வைத்திருக்கும் கல்குவாரி உரிமதாரர் இருப்புப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். குவாரிப் பதிவேட்டில் குறையும் ஒரு பெட்டி டெட்டனேட்டர், செக்போஸ்டில் நிறுத்தும் ஆயிரம் தாடிகளைவிட அதிகம் சொல்லும்.

வாகனத் தணிக்கைக்குக் குலுக்கல்தான் நேர்மையான வழி, மலிவான வழியும் அதுவே. பணி தொடங்கும்போது 0 முதல் 9 வரை சீட்டு எழுதி ஆய்வாளர் இரண்டை எடுக்க வேண்டும். அந்த இரு இலக்கத்தில் முடியும் பதிவெண்கள் மட்டும் ஓரம் கட்டப்படும். மணிக்கு 100 வண்டி போகும் சாலையில் ஏறக்குறைய 20 வண்டி. வண்டிக்கு 3 நிமிடம் என்றால் ஒரு குழுவுக்கு 60 நிமிடமும் சரியாகப் போய்விடும். அரை மணிக்கு ஒருமுறை சீட்டை மாற்றுங்கள். ஐந்தாவது வண்டி, பத்தாவது வண்டி என்று எண்ணும் முறை வேண்டாம். ஓரமாக நின்று எண்ணுபவன் நான்காவதாக வந்து நுழைவான். இந்த முறை எங்கே கெடும் என்பதும் தெரிந்ததே: கட்சிக்கொடி கட்டிய காரும் 'பிரஸ்' ஒட்டிய பைக்கும் வரும்போது சீட்டு மறந்துபோகும். விதிவிலக்கு ஆம்புலன்ஸுக்கு மட்டும் என்று உத்தரவிலேயே எழுதிவிட்டால் காவலர் தப்பித்துக்கொள்வார்.

வாயிலில் பைச் சோதனை எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். ஒரு பைக்கு 40 விநாடி என்றால் ஒரு மேசை மணிக்கு 90 பை. மேசைக் கணக்கை இதிலிருந்து போடாவிட்டால் வாயிலுக்கு வெளியே வரிசை தேங்கும். தேங்கிய வரிசையே இலக்காகிவிடும். மான்செஸ்டரில் குண்டு வெடித்ததும் சோதனைக்கு உட்பட்ட பகுதிக்கு வெளியேதான். பை இல்லாதவர்களுக்குத் தனி வரிசை விட்டாலே நெரிசல் கணிசமாகக் குறையும்.

குலுக்கலுக்கு வெளியே யாரையாவது நிறுத்தினால் அரைத்தாள் சீட்டு ஒன்று போதும்: நேரம், இடம், கண்ட செயல் அல்லது பொருள், நிறுத்திய நிமிடங்கள், கிடைத்தது என்ன, காவலர் எண். ஒரு படி நிறுத்தப்பட்டவருக்கு, ஒரு படி நிலையத்துக்கு. 'சந்தேகம்' என்ற ஒற்றைச் சொல்லைக் காரணமாக எழுதினால் மேலதிகாரி திருப்பி அனுப்ப வேண்டும். மதம், சாதியை இந்தச் சீட்டில் எழுதலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. எழுதாவிட்டால் பாகுபாடு தெரியாது. எழுதினால் காவல் நிலையத்தில் பெயரோடு ஒரு மதவாரிப் பட்டியல் உருவாகும். பெயரில்லாத தனித்தாளில் கோடு போட்டு எண்ணும் முறை பரவாயில்லை என்ற முடிவுக்கு வந்தோம்.

நிறுத்தியவர்களையெல்லாம் செல்போனில் முகப்படம் எடுத்து மென்பொருளில் ஓட்டும் பழக்கத்தை விழாக்களில் கைவிடுங்கள். நூறு பேரில் ஒருவரைத் தவறாகப் பொருத்தினாலும் 10,000 முகத்துக்கு 100 அப்பாவிகள். 2022-ஆம் ஆண்டு அடையாளச் சட்டம் தண்டனை பெற்றோர், கைதானோர், தடுப்புக்காவலில் உள்ளோரைப் பற்றிப் பேசுகிறது. சாலையில் போகிறவரைப் பற்றி அல்ல. தமிழகக் காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே 2024 மே மாதம் ஊடுருவல் நடந்ததும் உங்களுக்குத் தெரியும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 130-ஆவது பிரிவு சீருடையிலுள்ள காவலருக்கு ஆவணங்களைக் காட்டச் சொல்கிறது, அவ்வளவுதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-ஆவது பிரிவில் சோதனையிட, விசாரணையில் ஒரு வழக்கும் எழுத்தில் காரணமும் வேண்டும், அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவருக்குப் போக வேண்டும். 105-இன்படி சோதனையைக் காணொளியாகப் பதிய வேண்டும். வழக்கே இல்லாமல் லாட்ஜில் பெயரைப் பார்த்து அறையைத் திறக்கச் சொல்வதற்கு இவை இடம் தரவில்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் கடமை லாட்ஜ்காரருக்கு உண்டு. மலேசியக் குடிமகன் எந்த மதமானாலும் அது பொருந்தும், நம் ஊர்க் கூத்தாநல்லூர்க்காரருக்குப் பொருந்தாது. 'சும்மா ஒரு விசாரணை' என்று பெண்களையும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் சாட்சியாக நிலையத்துக்கு வரவழைப்பதை 179-ஆவது பிரிவு தடுக்கிறது.

பிறப்பைப் பார்த்துக் குற்றவாளியாக்குவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1871-இல் வந்து 1911-இல் சென்னை மாகாணத்துக்கு நீண்ட கைரேகைச் சட்டம் (குற்றப் பரம்பரைச் சட்டம்), ராதாரி என்ற பயண அனுமதிச் சீட்டு இல்லாமல் அடுத்த ஊருக்குப் போகவிடாமல் சாதி சாதியாக மனிதர்களைக் கட்டிப்போட்டது. தஞ்சை, நாகை, திருவாரூர் மாவட்டங்களின் கந்தர்வக்கோட்டைக் கள்ளர் இன்றும் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை. அதனால்தான் 2024-இல் அமானதுல்லா கான் வழக்கிலும் சுகன்யா சாந்தா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் பிறப்பை வைத்து ஹிஸ்டரி ஷீட் (காவல் நிலையக் குற்றப் பின்னணிப் பதிவேடு) எழுதுவதையும் சீர்மரபினரைக் காரணமின்றிப் பிடிப்பதையும் கண்டிக்க வேண்டிவந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லாட்ஜுகளில் தங்கியிருந்த 300-க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பாதுகாப்பின் பெயரால் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுநாளே தடுத்தது. அன்று இங்கே கொதித்த நாம், நாகூர் லாட்ஜ் பதிவேட்டில் பெயர் பார்த்துக் கதவைத் தட்டுவதை வேறு ஒன்றாகக் கருத முடியாது.

தவறான ஆளைப் பிடித்தால் சரியான ஆள் வெளியே இருக்கிறான் என்பதும் காவல் கணக்குதான். 2006 மாலேகான் குண்டுவெடிப்பு வழக்கில் கைதான ஒன்பது முஸ்லிம்கள் மீதான வழக்கு நிற்காது என்று நீதிமன்றம் சொல்ல 2016 ஆயிற்று. அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் ஆறு பேரை உச்ச நீதிமன்றம் 2014-இல் விடுவித்தது. எதிர்ப்பக்கத்தில் இலங்கையின் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு: தற்கொலைக் கும்பலின் தலைவனைப் பற்றி இலங்கை முஸ்லிம்களே முன்பே புகார் சொல்லியிருந்தார்கள், குறிப்பான எச்சரிக்கை இந்தியாவிலிருந்து ஏப்ரல் முதல் வாரத்திலேயே போயிருந்தது. தகவல் பஞ்சம் அங்கே இல்லை. வந்ததை எடுத்து நடத்த ஆளில்லை. அடுத்த தகவல் இங்கே முஸ்லிம்கள் அதிகம் வாழும் முத்துப்பேட்டையிலிருந்தோ அதிராம்பட்டினத்திலிருந்தோதான் வர வேண்டியிருக்கலாம். வாரம் மூன்று முறை நிறுத்தப்படும் வியாபாரி நிலையத்துப் படியேறிச் சொல்வாரா?

ஒற்றர் தகவலில் குறிப்பிட்ட ஆளின் உயரம், தழும்பு, உடை, தாடி எல்லாம் வந்தால் தாடியையும் சேர்த்தே தேடுங்கள். அது ஓர் ஆளின் வர்ணனை, அந்த ஆள் கிடைத்ததும் முடிந்துவிடும். அந்தத் தகவலுக்கும் தேதியும் காலாவதியும் போடுங்கள். போன வருட வர்ணனை இந்த வருட ரோல் காலில் வாசிக்கப்பட வேண்டாம்.

இன்னும் ஒன்று. கடலோரத்தில் சாகர் கவச் என்ற பாதுகாப்பு ஒத்திகை நடக்கும்போது பயங்கரவாதி வேடம் போடும் காவலர் என்ன உடுத்துகிறார் என்பதையும் உத்தரவில் எழுதுங்கள். ஒத்திகையில் ஒரு சமூகத்தின் உடையையும் முழக்கத்தையும் பயன்படுத்தக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு போட்டது. லுங்கியும் சட்டையும் போட்ட மீனவராகவோ, பேன்ட் சட்டை போட்ட பயணியாகவோ வந்தால் ஒத்திகையும் கடினமாகும், காவலரின் கண்ணும் பையின் பக்கம் திரும்பும்.

அடுத்த விழாவுக்கான முன் ஆலோசனைக் கூட்டத்தில் மாதிரிச் சீட்டையும் குலுக்கல் விதியையும் வைக்க ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். விழா முடிந்த பத்து நாளில் எத்தனை பேர் நிறுத்தப்பட்டார்கள், என்ன காரணம், எத்தனை பேரிடம் ஏதாவது கிடைத்தது என்ற மூன்று எண்களை அமைதிக்குழுவில் வாசியுங்கள். மாதிரிச் சீட்டின் தமிழ் வரைவை அச்சுக்குத் தயாராகத் தருகிறோம்.

இவண்,
டெல்டா மாவட்ட நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் சிலர்
தஞ்சாவூர்